பூனைக்குக் கொடுத்த ஞானஸ்நானம்

"இந்தக் கட்டம் காலியா இருக்கக் கூடாது டீச்சர்" என்றார் செயலர்.

தேவாலயத்துப் பங்கு அலுவலகத்து மேசையில் அடக்கப் படிவம் விரிந்து கிடந்தது. பெயர் என்ற இடத்தில் 'பெண் குழந்தை' என்றும், வயது என்ற இடத்தில் 'ஐந்து மணி நேரம்' என்றும் நீல மையில் எழுதியிருந்தது. 'ஞானஸ்நான எண்' என்று அச்சடித்த கட்டத்தில் மட்டும் ஒன்றுமில்லை. செயலர் பேனா மூடியால் அதைத் தட்டித் தட்டிக் காட்டினார். தபால் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். படிவம் என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அவருக்கு எதிரே நிற்கிற ஆள் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

"அஞ்சு மணி நேரம் இருந்த பிள்ளைக்கு நம்பர் எங்கேருந்து சார் வரும்?" என்று கேட்டாள் கேள்வியக்கா.

"அதைத்தான் நானும் சொல்றேன். நம்பர் இல்ல. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்துல இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே, தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல கொஞ்சம் காலி இடம் இருக்கு. அந்த மாதிரிப் பிள்ளைங்களை அங்கதான் வைக்கிறது."

அந்த மாதிரிப் பிள்ளைகள்! கேள்வியக்காவுக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது. அந்த மாதிரிப் பிள்ளை அவள் தம்பி பெற்ற பிள்ளை. கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து, கும்பிடாத இடமெல்லாம் கும்பிட்டு, ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்து சேர்ந்த பிள்ளை. நேற்றுக் காலை ஒன்பது மணிக்குப் பிறந்து, மதியம் இரண்டு மணிக்குப் போய்விட்டது.

அவளுக்குக் கேள்வியக்கா என்ற பெயர் எப்படி வந்தது என்று அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருந்துக்கடையில் இருபத்தெட்டு வருடமாக நிற்கிறாள். தலைவலி மாத்திரை ஒன்று கேட்டுப் போனால்கூட, எப்போதிலிருந்து வலி, சாப்பிட்டாயா, வேறு என்ன மருந்து எடுக்கிறாய் என்று நூறு கேள்வி கேட்டுவிட்டுத்தான் மாத்திரைப் பட்டையை வெட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் மறைக்கல்வி வகுப்பு. அங்கேயும் கேள்விதான். உன்னைப் படைத்தவர் யார், எதற்காகப் படைத்தார் என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ளப் பார்க்கும். அவளிடம் படித்த முதல் கூட்டத்தில் அவளுடைய தம்பியும் ஒருவன். அவளைவிடப் பதினான்கு வயது இளையவன். ஒன்பது வயதில் மண்டபத்துக் குழாயடியில் ஒரு பூனையைப் பிடித்து வைத்து அதற்கு ஞானஸ்நானம் கொடுத்து, அக்காவிடம் செமையாக அடி வாங்கினான். வீட்டில் யாருடைய பிறந்தநாள் என்றாலும் அந்தப் பூனைக் கதையை எடுத்துவிட்டுச் சிரிக்காமல் யாரும் எழுந்து போவதில்லை.

"சார், பெத்தவங்க ஞானஸ்நானம் கொடுக்கணும்னு இருந்து, அதுக்குள்ள பிள்ளை போயிட்டா, பிஷப்போட அனுமதி வாங்கிச் சபை முறைப்படியே அடக்கம் பண்ணலாம். சபைச் சட்டத்துலயே இருக்கு."

"நீங்க சட்டம் பேசுறீங்க. நான் வழக்கம் பேசுறேன்."

"யாரு வழக்கம்?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் செஞ்ச வழக்கம். டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? அந்தப் பிள்ளைங்க மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது. நடுவுல ஒரு இடத்துல இருக்கும். காலையில உங்க தம்பி போன் பண்ணப்போகூட அதைத்தான் எடுத்துச் சொன்னேன்."

கேள்வியக்கா படிவத்தின் மேல் கையை ஊன்றினாள்.

"என் தம்பிகிட்ட சொன்னீங்களா?"

"அவர் போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தார் போல. பக்கத்துல அவர் சம்சாரம் அழுற சத்தம் கேட்டுச்சு. எனக்கே மனசு கஷ்டமாப் போச்சு."

கஷ்டமாகப் போய்விட்டதாம்! வயிற்றில் தையல் காயாமல் படுத்திருக்கிறவளிடம் போய், உன் பிள்ளை எங்கேயும் இல்லாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டு இந்த மனிதருக்கு மனம் கஷ்டமாகப் போய்விட்டதாம்.

"யார் சார் உங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?" குரல் வாசல் வரை கேட்டது. "நடுவுல ஒரு இடம்னு அந்தக் காலத்துல சில பேரு நினைச்சாங்க. சபை அதை விசுவாசக் கோட்பாடா அறிவிச்சதே இல்ல. அந்தப் பிள்ளைங்களைக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்னுதான் சபை போதிக்குது. என் கடையில தேதி முடிஞ்ச மருந்தை ஒருத்தருக்குக் கொடுத்தா என்னை ஜெயில்ல போடுவாங்க. நீங்க தேதி முடிஞ்ச சரக்கைக் கோயில் முத்திரை குத்தி வித்துக்கிட்டு இருக்கீங்க. உங்களைக் கேக்க நாதி இல்ல!"

செயலர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் மனிதர் படிவத்தை விடவில்லை. "பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்தா நான் என்ன, வேண்டாம்னா சொல்லப் போறேன்? அவர் தியானத்துல இருக்கார். ஞாயித்துக்கிழமைதான் வருவார்."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் பிள்ளையை எங்கே சார் வைக்கிறது? உங்க மேசை டிராயர்லயா?"

படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

தியான இல்லம் ஊரின் கடைசி நிறுத்தத்துக்கும் அப்பால் இருந்தது. வாசலில் 'மௌனம்' என்று பலகை. உள்ளே இருபது முப்பது சாமியார்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டில் கரண்டி படுகிற சத்தம் மட்டும்தான். தடுக்க வந்த சமையல்காரரைத் தாண்டிக்கொண்டு கேள்வியக்கா நேராகத் தன் பங்குச் சாமியாரின் மேசைக்குப் போய் நின்றாள்.

"மௌனத்தை உடைக்கிறேன் ஃபாதர். மன்னிப்பை அப்புறம் கேட்டுக்கிறேன்."

அத்தனை தலைகளும் திரும்பின. பங்குச் சாமியார் சின்ன வயதுக்காரர், நாற்பதுகூட ஆகியிருக்காது. கையைக் கழுவாமலே எழுந்து வராந்தாவுக்கு வந்தார். அவள் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. அலுவலகத்து அறைக்குப் போய் பிஷப் இல்லத்துக்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் அனுமதி கிடைத்துவிட்டது. இவ்வளவுதான் வேலை. ஒரே ஒரு போன்.

"நாளைக்குக் காலையில நானே வந்து அடக்கம் பண்றேன் அக்கா. உள்ளேயே, மத்த பிள்ளைங்களுக்குப் பக்கத்துலயே." பிறகு தன் போனை அலமாரியிலிருந்து எடுத்துத் திறந்து பார்த்தார். "உங்க தம்பி என்னைப் பதினோரு தடவை கூப்பிட்டிருக்கார். நேத்து. நான் அணைச்சு வச்சிருந்தேன்."

அதற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது.

"நீங்க தியானம் பண்ணக் கூடாதுன்னு நான் சொல்லல ஃபாதர். ஆனா இந்தப் பங்குக்கு வந்து நாலு வருஷம் ஆச்சு. மைக் சரியில்லைன்னு பிரசங்கம் வச்சீங்க. வண்டியை எங்கே நிறுத்தணும்னு மூணு ஞாயிறு பிரசங்கம் வச்சீங்க. சாகக் கிடக்கிற பிள்ளைக்கு என்ன செய்யணும், ஞானஸ்நானம் இல்லாமப் போன பிள்ளையைப் பத்திச் சபை என்ன சொல்லுதுன்னு ஒரு ஞாயிறு சொல்லியிருந்தா, அந்த ஆளு ஒரு தாய்கிட்ட இப்படிப் பேசியிருப்பாரா?"

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லியிருக்கணும்" என்றார். பூசி மெழுகாமல் ஒத்துக்கொண்டதால் அவரை அதோடு விட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாலை நாலு மணி. பிரசவ வார்டில் மற்றக் கட்டில்களில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. தம்பி மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். தம்பி காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிற கம்பெனிச் சட்டையை நேற்றிலிருந்து மாற்றவில்லை.

"அண்ணி" என்றாள் தம்பி மனைவி, திரும்பாமலே. "பாப்பா எங்கே அண்ணி?"

பிணவறையில் இருக்கிறது என்ற பதிலை அவள் கேட்கவில்லை என்று கேள்வியக்காவுக்குத் தெரியும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"கடவுள் கையில இருக்கா. சபை சொல்றது இதுதான், நானாச் சொல்றதில்ல. எல்லாரும் மீட்படையணும்னு நினைக்கிற கடவுள், சின்னப் பிள்ளைங்களை என்கிட்ட வர விடுங்கன்னு சொன்ன ஏசு, அவங்க உன் பிள்ளையைக் கைவிட மாட்டாங்கன்னு நம்பி ஒப்படைக்கச் சொல்லுது. நாளைக்குக் காலையில சாமியார் வந்து செபம் பண்ணி அடக்கம் பண்றார். தோட்டத்துக்கு உள்ளேதான்."

"நெசமாவா, இல்ல எனக்குச் சமாதானத்துக்குச் சொல்றீங்களா?"

"நான் என்னைக்காவது சமாதானத்துக்குப் பேசியிருக்கேனா? உன் கல்யாணத்தன்னைக்கே புடவை எடுப்பா இல்லைன்னு சொன்னவடி நான்."

தம்பி மனைவியின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனாள்.

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. பெட்டி ஒரு கை நீளம்கூட இல்லை. தம்பி யாரிடமும் கொடுக்காமல் தானே சுமந்தான். சாமியார் நிதானமாகச் செபித்தார். செயலரும் வந்து ஓரமாக நின்றார். கட்டத்தில் என்ன எழுதினாரோ, அதைப் பற்றி அவரும் வாயைத் திறக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. எல்லாரும் கிளம்பிப் போன பிறகு அக்காவும் தம்பியும் தோட்டத்துக் குழாயில் மண் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அன்னைக்கு ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பாப்பா மூச்சுக்குத் திணறிக்கிட்டு இருந்தா. நர்சம்மா வந்து, 'உங்க சாமிக்கு ஏதாவது செய்யணும்னா இப்பவே செஞ்சுக்கோங்க, நான் மூடியைத் திறந்து விடுறேன்'னு சொன்னாங்க. நான் சாமியாருக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தேன். அவங்க ரெண்டு தடவை வந்து கேட்டாங்க. கையில தண்ணி பாட்டில் இருந்துச்சு. வார்த்தையும் தெரியும். முழுசாத் தெரியும்."

அவளுக்கு மீண்டும் அந்தச் சூடு ஏறியது. இரண்டு நாளாக அடங்காத கோபம் மொத்தமும் தலைகால் தெரியாமல் அவன்மேல் பாய்ந்தது.

"தெரிஞ்சும் ஏன்டா ஊத்தல? சாகக் கிடக்கிற உசுருக்கு யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம்டா! அப்பன் கொடுக்கலாம், நர்ஸ் கொடுக்கலாம், தெருவுல போறவன்கூடக் கொடுக்கலாம். சாமியார் வந்துதான் ஊத்தணும்னு எந்த மடையன் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?"

தம்பி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் குற்றம் சாட்டுகிற மாதிரி ஒன்றுமே இல்லை. அதுதான் கொடுமை.

"நீதானேக்கா" என்றான்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"பூனைக்கு ஊத்துனேனே, அன்னைக்கு. கையைத் திருப்பி வச்சு ஸ்கேல்ல அடிச்சே. 'இது விளையாட்டுச் சாமான் இல்ல, சாமியார் கையாலதான் ஊத்தணும், நீ ஊத்துனா சாவான பாவம், நேரா நரகம்தான்'னு சொன்னே. வகுப்புல எல்லாரையும் மூணு தடவை திருப்பிச் சொல்ல வச்சே. நான் பாட்டில் மூடியைத் திறந்துட்டேன்க்கா. ஏற்கெனவே சாகப்போற பிள்ளை மேல என் பாவமும் சேர்ந்துரக் கூடாதுன்னு மூடிட்டேன்."

இருபத்தேழு வருடமாக வீட்டில் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பூனை தப்பித்து ஓடியது, தம்பியின் நனைந்த சட்டை, அவளுடைய பத்ரகாளிக் கோலம் எல்லாம் கதையில் இருக்கும். அவள் சொன்ன அந்த வாக்கியம் மட்டும் கதையில் இருக்காது. யாருக்கும் அது நினைவில்லை, அவளுக்கும் இல்லை. அடி வாங்கியவனுக்கு மட்டும் ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

அன்றைக்கு அவளுக்கு இருபத்து மூன்று வயது. அவசர ஞானஸ்நானம் என்ற பாடம் புத்தகத்தில் இருந்தது. பின்பக்கம், சின்ன எழுத்தில். ஆண்டு விழா ஒத்திகைக்கு நேரமில்லை என்று அதைத் தாண்டிவிட்டுப் போனவள் அவள். ஒவ்வொரு வருடமும் தாண்டினாள். குழந்தைகளிடம் சாவைப் பற்றி எதற்குப் பேசவேண்டும் என்று ஒரு சாக்கும் வைத்திருந்தாள். செயலரைப் பார்த்துத் தேதி முடிந்த மருந்து என்று கத்தினாளே, சாமியாரைத் தலைகுனிய வைத்தாளே, அந்த நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மருந்துப் பட்டையை மூன்று தடவை படித்துப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்காதவள், ஒரு ஒன்பது வயதுப் பையனிடம் வாய்க்கு வந்ததைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"அப்ப நான் ஊத்தியிருக்கலாமாக்கா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான். "பாவம் இல்லையா?"

இல்லடா, நீ செய்ததுதான் சரி என்று ஒரு பொய் வாய் வரை வந்தது. சொல்லிவிட்டால் அவன் இன்று ராத்திரி தூங்குவான். ஆனால் ஒரு தடவை தவறாகச் சொல்லிக் கொடுத்தது போதாதா?

"ஊத்தியிருக்கலாம்" என்றாள். "ஊத்தியிருக்கணும். பாவம் இல்ல. உனக்குத் தெரியாது, அதனால உன் மேல தப்பு இல்ல. தப்பு என்னுது. நான்தான்டா பொய்யாச் சொல்லிக் கொடுத்தேன்." ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். "நேத்து உன் பொண்டாட்டிகிட்ட சொன்னது மட்டும் பொய் இல்ல. நீ கொடுக்க ஆசைப்பட்டது கடவுளுக்குத் தெரியும். அதைச் சபை சொல்லுது, நான் சொல்லல. என்னை நம்பாதே. சாமியாரைக் கேளு, புத்தகத்தைப் படி."

தம்பி குழாயை மூடினான். வாசலைப் பார்த்து நடந்து போனான். அதற்கப்புறம் அந்த வாரம் முழுக்க அவள் போன் செய்தபோதெல்லாம் அவன் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேள்வியக்கா வகுப்புக்கு ஒரு பிளாஸ்டிக் ஜக்கும், ஒரு அகலப் பாத்திரமும், துணி பொம்மை ஒன்றும் கொண்டு போனாள். முப்பத்திரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கேள்வி எதுவும் கேட்காமல் ஆரம்பித்ததே அவர்களுக்கு ஆச்சரியம்.

"இருபத்தேழு வருஷத்துக்கு முன்னாடி இதே மண்டபத்துல நான் ஒரு பாடத்தைத் தப்பாச் சொல்லிக் கொடுத்தேன்" என்றாள். "இன்னைக்கு அதைத் திருத்தப் போறேன். ஒருத்தர் விடாம எல்லாரும் செஞ்சு காட்டணும். நெஜமா ஒருத்தர் சாகக் கிடக்கும்போதுதான் செய்யணும், அதுவரைக்கும் பொம்மைக்கு மட்டும்தான்."

பாதி வகுப்பில் செயலர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். "டீச்சர், ஆண்டு விழா நடனத்துக்குப் பிள்ளைங்களை எப்ப அனுப்புவீங்க? மேடையில எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

"இந்தப் பாடம் முடிஞ்சாத்தான் அனுப்புவேன். வந்தது வந்துட்டீங்க, நீங்களும் செஞ்சுட்டுப் போங்க." ஜக்கை அவர் கையில் திணித்தாள். அன்று போலக் கத்தவில்லை. அவரிடம் கத்துகிற தகுதி தனக்கு இல்லை என்று அவளுக்கு இப்போது தெரியும். ஆனால் விடுவதாகவும் இல்லை.

செயலர் அசடு வழிய நின்றார். பிறகு பொம்மையின் தலையில் தண்ணீரை ஊற்றி, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே, ஆமென்" என்றார்.

"தப்பு சார்!" என்று முன் பெஞ்சுப் பெண் துள்ளி எழுந்தாள். "'நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்'னு சொல்லல நீங்க! அது சொல்லாட்டி வெறும் குளிப்பாட்டுறதுதான்!"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. செயலர் வாயைத் துடைத்துக்கொண்டு, "திரும்ப ஒரு தடவை" என்று அவராகவே ஜக்கை நிரப்பப் போனார்.

அப்போதுதான் கேள்வியக்கா பின்பக்கக் கதவைப் பார்த்தாள். தம்பி நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றிருந்தான் என்று தெரியவில்லை. கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அவள் வழிவிட்டாள். அவன் பிள்ளைகளுக்கு நடுவே நடந்து வந்து, பாத்திரத்துக்கு முன்னால் மண்டியிட்டு, பாட்டில் மூடியைத் திறந்தான். பொம்மையின் தலையை இடது உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். மூன்று முறை ஊற்றினான். வார்த்தைகளை ஒன்றுவிடாமல், சத்தமாக, தெளிவாகச் சொன்னான்.

"சரியாச் செஞ்சாரு!" என்று முன் பெஞ்சுப் பெண் தீர்ப்புச் சொன்னாள்.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், பூனைக்குக் கொடுத்தா செல்லுமா?"

கேள்வியக்கா தம்பியைப் பார்த்தாள்.

"செல்லாது" என்றாள். "ஆனா அதுக்காக நான் யாரையும் அடிக்க மாட்டேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். தம்பிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உடைந்து, அத்தனை பேர் முன்னாலும் அழுதான். அவள் போய் அவன் பக்கத்தில் ஈரத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.